பிற்பகல் முதல்

வரைவை எழுதியது நான்தான், அ3 பிரிவு.
'பதிவாளர் முனைவர் சேவுகமூர்த்தி அவர்கள்
வயது முதிர்வின் காரணமாக
30.6 பிற்பகல் முதல்
பணியிலிருந்து விடுவிக்கப் படுகிறார்.'
படிவத்தில் இல்லாத ஒரு சொல்லும் நுழைத்திருந்தேன்.
'சிறப்பாகப் பணியாற்றிய.' அதில் முதல் சொல்.

துணைவேந்தருக்குப் போகும் எந்தத் தாளும்
அவர் மேசையைத் தொட்டுத்தான் போகும்.
தன்னைப் பற்றிய தாளுக்கும்
வேறு வழி வைத்திருக்கவில்லை.

பத்தே முக்காலுக்குத் திரும்பி வந்தது, பச்சை மையோடு.
'விடுவிக்கப்' 'படுகிறார்' இரண்டையும்
ஒரு சின்ன வளைகோட்டால் சேர்த்திருந்தார்.
'சிறப்பாக' மீது நேர்க்கோடு.
ஓரத்தில்: மறுவரைவு செய்க.

பிறகு நிலுவையின்மைச் சான்றை எடுத்துக்கொண்டு
அவரே கிளம்பினார்.
பியூனை அனுப்பியிருக்கலாம்.
ஆனி வெயில், காரைக்குடிச் செம்மண் காற்று,
சட்டைக் காலர் ஓரம் சிவந்துபோய்
விடுதி, பண்டகம், வாகனப் பிரிவு, மருந்தகம்
என்று கையெழுத்து வாங்கினார்.
பின்னால் நான் குடையோடு. குடையை விரிக்கச் சொல்லவில்லை.

நூலகத்தில் நின்றது.
தொண்ணூற்றாறு மார்ச், நிலத்தடி நீர் பற்றிய ஒரு புத்தகம்.
மாணவியர் விடுதிக்கு ஆழ்குழாய் போட்ட வருசம்.
சம்பை ஊற்று இனிக்கிற ஊரில்
எங்கள் வளாகத்தில் மட்டும் ஏன் உப்பு என்று
தெரிந்துகொள்ள எடுத்தாராம்.
அது அவருடைய அலமாரியிலேயே இருந்தது,
மேல்தட்டில், தணிக்கை அறிக்கைகளுக்குப் பின்னால்.

'விட்ருங்க சார்' என்றார் நூலகர் சவரியம்மாள்.
'விதி பதினாலு?' என்றார்.
பதினான்கு நாள் தவணை கழித்து
பத்தாயிரத்து அறுநூற்று எண்பத்திரண்டு நாள்,
நாளுக்குக் கால் ரூபாய்.
இரண்டாயிரத்து அறுநூற்று எழுபது ரூபாய் ஐம்பது காசு.
எழுபத்தொன்றாகக் கொடுத்தார்.
ஐம்பது காசுக்கு நாணயம் இல்லை என்றபோது
'வரவில் வையுங்கள்' என்று ரசீதுக்குக் காத்து நின்றார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன்.
அறுபது ரூபாய் ஆய்வகப் பாக்கிக்காக
என் மதிப்பெண் பட்டியலை
நாலு மாதம் நிறுத்தி வைத்தவர் இவர்.
கண்டனூரிலிருந்து பஸ்ஸுக்குக் கடன் வாங்கி
வந்து நின்று கேட்ட அன்றும்
இதே குரலில் இதே விதி எண்.
அவருக்கு நினைவிருக்காது.
நினைவிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

நாலு மணிக்கு மேல் யாரும் வேலை செய்யவில்லை.
கடைசி நாள் மாலை
வேறு மாதிரி உறை வந்து சேர்ந்த அதிகாரிகளை
நாங்கள் பார்த்திருக்கிறோம்.
ஓய்வு மாலை கட்டித் தயாராய் இருக்கும்,
ஆள் இடைநீக்கத்தில் வீட்டுக்குப் போவார்.
தட்டச்சர் பேச்சிமுத்து வாசலுக்கும் மேசைக்கும்
மூன்று தடவை நடந்தார்.
உள்ளே அவர், எம்.ஃபில். வைப்புத் தொகை கோப்பில்
கூட்டல் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து இருபதுக்கு ஆணை வந்தது.
ஒப்படைத்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து,
ஏற்றவர் என்ற இடத்தில் இன்னொன்று.
அவ்வளவுதான். மேசை விளிம்பில் இருந்த மூடியை எடுத்துப்
பச்சைப் பேனாவை மூடி
புதியவர் பக்கம் நகர்த்தினார்.

விழா ஐந்தே முக்காலுக்குப் பிறகுதான் என்பது அவர் நிபந்தனை.
வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்ச் சட்னி,
ஒன்பது பொன்னாடை.
வாழ்த்தியவர்களில் பாதிப்பேர்
அவரிடம் மெமோ வாங்கியவர்கள்.
அவர் பேச எழுந்தார்,
'பணியாரம் ஆறுகிறது' என்று உட்கார்ந்தார்.
சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது
துக்க வீட்டில் மட்டும்தான் என்பார்கள் எங்கள் பக்கம்.
அவர் ஸ்கூட்டர் எப்போது போனது என்று
ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் கோப்பை முடித்தேன்.
பத்தாண்டு வைத்திருக்கலாம்.
அடித்த வரைவைக் கிழித்துவிட வேண்டும்.
கோட்டுக்கு அடியில்
அந்தச் சொல் நன்றாகவே படிக்க முடிகிறது.
கிழிக்கவில்லை.
இருந்திருந்தால்
விளக்கம் கேட்டிருப்பார்.